பில்லும் துண்டும்

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது. நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு. நான் எண்ணினேன் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சொட்டுகிற குழாயின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் வேறு என்ன செய்வான்?

பதுளையிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து சரி செய்தான். அவன் கையைத் துடைப்பதற்குள் என் மகனுடைய கைபேசி ஒரு சத்தம் போட்டது. பில் வந்துவிட்டதாம். வாசர் இவ்வளவு, கூலி இவ்வளவு, வந்து போன செலவு இவ்வளவு, அடியில் வங்கிக் கணக்கு இலக்கம். என் மகன் எதையோ தட்டினான். இப்போது அந்தப் பையனின் கைபேசி சத்தம் போட்டது. "வாறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். கொடுத்தவனும் வாங்கியவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. நான் கைபேசியை வாங்கி ஒரு முறை கூட்டிப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. அதுவும் எனக்கு ஒரு குறையாகவே பட்டது.

என் மாமா ஒருவர் இருந்தார். அவருக்கும் குழாய் வேலைதான். கையில் எடுத்த எந்த வேலையையும் முடிப்பார். ஆனால் முடித்த வேலைக்குக் காசு கேட்க மட்டும் அவருக்குத் தெரியாது.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அதே தோட்டத்துப் பெக்டரியில் பிட்டராக இருந்தவருக்கு ஒரு நாள் பெரிய கிளாக்கரோடு வாய்த்தகராறு. "என் பேர வெட்டிருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் வேலையிலிருந்து நீக்குவது. மற்றவர்கள் வெட்ட வேண்டாம் என்று கெஞ்சுவார்கள். கேட்டு வெட்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து மாமா ஒருவர்தான்.

அதன் பிறகு அவர் தனக்குத் தானே முதலாளி. சைக்கிளுக்குப் பின்னால் குறடும் சுத்தியலும் கிடக்கும் ஆயுதப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் ஓட்டை வாளிக்கு ஈயம் வைப்பது, மழைத் தண்ணீர் பிடிக்கத் தகரத்தில் பீலி கட்டிக் கொடுப்பது போன்ற சின்ன வேலைகள். ஹாலிஎல பஜாரில் குழாய் இழுப்பது, தண்ணீர்த் தொட்டி பொருத்துவது போன்ற பெரிய வேலைகள். வேலைக்கு ஒரு நாளும் பஞ்சம் இருந்ததில்லை. காசுக்குத்தான்.

காசு கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாமா புறப்படுவார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். பேக்கரி முதலாளியின் கல்லாப் பெட்டிக்கு முன்னால் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னாங்க முதலாளி, பைப்பு எதுனாச்சும் ஒழுகுதா?"

"ஒழுகல்ல தம்பி. நல்லா வேல செய்யுது."

"தண்ணி நல்லா வருதா?"

"அருமையா வருது."

"அப்ப சரிங்க."

அவ்வளவுதான். ஆளுக்கொரு பணிஸ் தின்றுவிட்டுத் திரும்பி வந்தோம். பணிஸுக்கு மாமா காசு கொடுத்தார்.

"நீ காசு வாங்கப் போனியா, நோயாளியப் பாக்கப் போனியா?" என்று அம்மா கேட்டாள். "நல்லா இருக்கியா, ஒழுகுதா, வருதான்னு விசாரிச்சுட்டு வந்திருக்க!"

"அவுங்களுக்கே தெரியும்லக்கா, குடுக்கணும்னு."

"தெரியாமயா இருக்கு? நீ கேக்க மாட்டங்கிறதும் தெரியும்."

இதை நான் ஒரு விந்தையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் போய் மிட்டாய் வாங்கினால் காசைக் கொடுத்த பிறகுதான் மிட்டாய் கைக்கு வரும். தொட்டியும் குழாயும் மட்டும் எப்படிக் காசுக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்கின்றன? அப்பாவிடம் கேட்டேன். "நீ ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லு" என்றார்.

இடி பதுளையிலிருந்து வந்தது. மாமா தகரமும் குழாயும் கடனுக்கு எடுப்பது அங்கே ஓர் இரும்புக் கடையில். நூற்றுப் பத்து ரூபா சேர்ந்துவிட்டது. மாதக் கடைசிச் சனிக்கிழமை கடை பூட்டுவதற்குள் முழுப் பணமும் வர வேண்டும், வராவிட்டால் இனி ஓர் ஆணி கூடக் கிடையாது என்று அந்த முதலாளி சொல்லிவிட்டார். தகரம் இல்லாமல் தகர வேலை ஏது? பெரிய கிளாக்கருக்கும் செய்தி எட்டியிருந்தது. திங்கட்கிழமை விடியற்காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் வந்து நின்று எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டால் பேர் பதிந்துகொள்ளலாம் என்று ஆள் விட்டு அனுப்பினார். மாமா அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அந்தப் பெரட்டில் தான் நிற்பதை அந்தச் சோற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

இரும்புக் கடைக்காரர் கொடுத்த பில் மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்துப் படித்தேன். மேலே ஓர் இலக்கம், மாமாவின் பேர், தகரம் இத்தனை, எல்போ இத்தனை, அடியில் இரட்டைக் கோடு, அதற்குள் தொகை. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மாமாவும் எட்டிப் பார்த்தார்.

"இதப் பாத்தாலே பயந்து குடுத்துறணும்போல இருக்குடா. இருந்தா நானே குடுத்திருப்பேன்."

"நாமளும் இதே மாதிரி எழுதிக் குடுப்போமா மாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கையெழுத்துக் கொப்பியைப் பார்த்தார். வாயால் கேட்க வேண்டியதில்லை, தாள் கேட்டுக்கொள்ளும் என்பது அவருக்குப் பெரிய விடுதலையாகப் பட்டிருக்க வேண்டும். அன்று மாலையே கொப்பித் தாளை அடிமட்டம் வைத்து நான்காகக் கிழித்து, அப்பாவின் நீல மையில் எழுதி முடித்தேன். லயங்களுக்குப் பதினொன்று. பஜாருக்கு மூன்று: பேக்கரி, தையல் கடை, சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டுக் கடைதான் பெரியது. தொட்டியும் குழாயும் கூரைப் பீலியுமாகத் தொண்ணூறு ரூபா. அது வந்தால் மாமா தப்பினார். மற்ற எல்லாம் வந்து அது வராவிட்டால் பெரட்டுதான்.

எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கும் வேலையும் எனக்கே. மாமா ஒரே ஒரு புத்தி சொல்லி அனுப்பினார்.

"பஜாருல குடுக்குறப்ப பில்லுன்னு சொல்லு. லயத்துல பில்லுன்னா யாருக்கும் வெளங்காது. துண்டுன்னு சொல்லிக் குடு."

தோட்டத்தில் எந்தச் சீட்டும் துண்டுதான். மருந்து வாங்க டாக்டர் ஐயா கொடுப்பதும் துண்டு. பள்ளிக்கூடத்துக்கு வராத பையனின் வீட்டுக்கு அப்பா எழுதி அனுப்புவதும் துண்டு. எனவே நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

நடந்ததை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. லயத்துக் காசு அன்றிரவே வரத் தொடங்கியது. மறுநாள் மாலைக்குள் பதினொன்றும் வந்துவிட்டது. மொத்தம் இருபத்தொரு ரூபா ஐம்பது சதம். ஒரு வாளிக்கு ஈயம் வைத்த ஒன்றேகால் ரூபாவை நான்கு மாதமாகத் தராதவர்கள் கூட எங்கள் வாசலைத் தேடி வந்தார்கள்.

எனக்கு விளங்காத சில விஷயங்கள் அதில் இருந்தன. வேலை செய்வித்தவர் ஒருவராகவும் காசு கொடுத்தவர் வேறொருவராகவும் இருந்தார்கள். மூன்றாவது லயத்தில் நான் துண்டை நீட்டியபோது வீட்டுக்காரர் தேத்தண்ணீர் குடித்தபடி, "அதுக்கென்ன, சம்பளத்துக்குப் பாப்போம்" என்றார். உள்ளே முடங்கிப் படுத்திருந்த அவருடைய அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னா துண்டு? எந்தத் தொர குடுத்தது? கையெழுத்து இருக்கா?"

"என் கையெழுத்துதான் தாத்தா" என்றேன் பெருமையாக.

அவர் வெற்றிலைப் பையைக் கவிழ்த்துச் சில்லறையைப் பொறுக்கி என் கையில் வைத்தார். துண்டை வாங்கி நாலாகக் கிழித்தார், எட்டாகக் கிழித்தார், அடுப்பில் போட்டார். அந்த வீட்டில் மட்டும் இல்லை, பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. என் கையெழுத்தில் அவர்களுக்கு என்ன கோபம் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பஜாரிலோ நேர்மாறு. பேக்கரி முதலாளி என் பில்லைத் திருப்பி, அதன் முதுகில் பாண் கணக்கைக் கூட்டினார். தையல்காரர் அதை மடித்துத் தையல் இயந்திரத்தின் ஆடும் காலுக்கு அடியில் செருகி, இயந்திரம் இப்போது ஆடவில்லை என்று மகிழ்ந்தார். சாப்பாட்டுக் கடை முதலாளி கல்லாவுக்கு மேலே தொங்கிய கம்பியைக் காட்டினார். அதில் ஏற்கெனவே ஒரு சாண் உயரத்துக்குத் தாள்கள் குத்தியிருந்தன.

"அதுல குத்திட்டுப் போ தம்பி. வரிசையா வரும்."

ஒரே மை, ஒரே கை, ஒரே கொப்பி. ஓட்டை வாளி கொடுத்து ஈயம் வைத்துக்கொண்டவர் ஓடி வந்து காசு கொடுக்கிறார். கல்லாப் பெட்டி நிறையக் காசு வைத்திருக்கிறவர் கம்பியில் குத்தச் சொல்கிறார். ஏன்? இந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. பாடத்தில் கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை. எழுத்து சிறிதாக இருக்கிறதோ என்று பெரிதாக எழுதி இரண்டாவது பில் கொண்டுபோனேன். கம்பியில் குத்தச் சொன்னார். மாலையில் கொடுத்ததால் இருக்குமோ என்று மூன்றாவதைக் காலையில் கொடுத்தேன். கம்பி. 'தயவுசெய்து' என்று சேர்த்தேன். அந்தச் சொல்லைக் கம்பி சரியாக நடுவில் துளைத்தது. கடைசியில் அப்பா பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்பு மையை எடுத்து ஐந்தாவதை எழுதினேன். அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது.

மாமா இருபத்தொரு ரூபா ஐம்பது சதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து ஊசி குத்திக்கொண்டார். "நான் பஸ் நிக்கிற எடத்துல நிக்கிறேன். நீ போயி வாங்கிட்டு ஓடியா. குடுக்கலேன்னா..." என்று நிறுத்தினார். பிறகு, "குடுக்கலேன்னா நடந்தே வா" என்றார்.

சாப்பாட்டுக் கடையில் சனிக்கிழமைக் கூட்டம். கொத்து ரொட்டித் தகட்டின் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. நான் கல்லாவுக்கு எட்டிச் சிவப்பு மைத் தாளை நீட்டினேன்.

"முதலாளி, பில்லு."

"கம்பியில குத்து."

"இன்னைக்குக் கட்டாயம் வேணுமாம்."

"குத்து, குத்து. நாலு பேரு சாப்புட வந்திருக்காங்க, வழிய விடு."

கம்பியில் என்னுடைய நான்கு பில்களும் மேலும் கீழுமாகத் தெரிந்தன. தெருவில் பதுளைப் பஸ் வந்து நிற்பதும் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. பஜாரில் என்ன சொல்ல வேண்டும், லயத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோனது.

"துண்டு குடுத்துட்டு ஒடனே காசு வாங்கிட்டு வரச் சொன்னாரு மாமா!" என்று உச்சக் குரலில் கத்தினேன்.

சமையல் கட்டின் வாசலில் முக்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கத்தியைக் கீழே வைத்தார். முதலாளியின் அப்பா அவர். லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேலை செய்து ஓய்ந்த பிறகு மகனோடு வந்து இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். கடையில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாருக்குடா துண்டு?"

"ஒண்ணுமில்லப்பா, சும்மா பில்லு. பைப்பு போட்டது" என்றார் முதலாளி.

"துண்டுன்னுதான அவன் சொன்னான்?"

"எல்லாம் ஒண்ணுதாம்ப்பா."

"ஒண்ணா?" பெரியவர் எழுந்து வந்தார். என் தோளைப் பிடித்தார். கையில் வெங்காய வாடை. "தம்பி, நீ படிச்சவன். சொல்லு. அதுல எத்தன பேரு எழுதியிருக்கு?"

"முதலாளி பேரு மட்டும்தான் தாத்தா."

"மருமக பேரு?"

"இல்ல."

"புள்ளைங்க மூணு பேரு, அதுங்க பேரு?"

"இல்ல தாத்தா."

"நல்லாப் பாரு."

நான் மறுபடியும் படித்தேன். தொட்டி, குழாய், பீலி, தொண்ணூறு ரூபா. வேறு பேர் எதுவும் இல்லை. எழுதியவனே நான்தானே என்று சொல்ல நினைத்தேன், அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னேன்.

"வேணும்னா எல்லார் பேரையும் அழகா எழுதித் தாறேன் தாத்தா."

பெரியவரின் கை என் தோளிலிருந்து விழுந்தது. அவர் மகன் பக்கம் திரும்பினார்.

"குடுடா காச."

"அப்பா, திங்கக்கெழம..."

"இப்பக் குடு. எழுத ஆள் வந்து நிக்குது, திங்கக்கெழமங்கிற!"

ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "பெருசு வெங்காயத்துக்கே அழுவாது, இன்னைக்குப் பாரு கண்ணு கலங்குது" என்றார். ரொட்டித் தகடும் நின்றுவிட்டது. முதலாளி முகம் சிவந்து கல்லாவை இழுத்தார். பத்து ரூபாத் தாள்கள் ஒன்பது. நான் எண்ணி முடிப்பதற்குள் பெரியவர் சிவப்பு மைத் தாளைக் கிழித்துவிட்டார். பிறகு கம்பியைக் கொக்கியோடு கழற்றினார். என்னுடைய பழைய நான்கு பில்கள் போயின. அவற்றோடு மாவுக் கடைப் பில், விறகுக்காரன் பில், எண்ணெய்ப் பில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரியவரின் கையில் கிழிந்தன.

"அப்பா! அது லைட் பில்லு!" என்று முதலாளி கல்லாவைத் தாண்டி ஓடி வந்தார்.

"எல்லாத்தையும் குடுத்துத் தொலைடா" என்றார் பெரியவர்.

துண்டு என்பது என்ன என்பதை நான் வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் அப்பாவின் தலைமுறைக்கும் முந்திய காலத்தில், ஒரு குடும்பம் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாராம். குடும்பத்தில் இன்னின்னார், இவர்கள் பேரில் இவ்வளவு கடன், அதைக் கட்டுகிறவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் துண்டு என்று பேர். புதிய தோட்டத்தில் அந்தக் கடன் புதிதாக அவர்கள் பேரில் ஏறும். அங்கிருந்து போக இன்னொரு துண்டு வேண்டும். நடக்கத் தெரியாத பிள்ளையின் பேரும் அதில் இருக்கும். அந்த வழக்கம் ஒழிந்து எவ்வளவோ காலமாகி, டாக்டர் சீட்டுக்கும் பள்ளிக்கூடச் சீட்டுக்கும் அந்தப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டது. மாமாவின் வயதுக்காரர்களுக்கு அது வெறும் காகிதம். லயத்து வீடுகளின் உள்ளறைகளில் படுத்திருந்தவர்களுக்கு அப்படி இல்லை.

அன்று இதில் ஓர் எழுத்தும் எனக்குத் தெரியாது. தொண்ணூறு ரூபாவைக் காற்சட்டைப் பையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடப் போனவனைப் பெரியவர் வாசலில் மறித்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு.

"தம்பி, ஒம் பேர எங்கயாச்சும் எழுதி வச்சிருக்காங்களா?"

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என்ன கேள்வி இது என்று எனக்கு எரிச்சலாகவும் வேடிக்கையாகவும் இருந்தது.

"பள்ளிக்கூடத்து இடாப்புல இருக்கு தாத்தா."

"பேருக்குப் பக்கத்துல என்னா போட்டிருக்கு? பத்தா, வரவா?"

கடைக் கணக்கில் வாங்கிய கடன் பற்று, அதைத்தான் பத்து என்பார்கள்; கட்டிய காசு வரவு. இடாப்பில் எங்கள் பேருக்கு எதிரே வாத்தியார் தினமும் போடுவதற்கும் வரவு என்றுதான் பேர். வந்த பிள்ளைக்கு ஒரு கோடு, வராத பிள்ளைக்கு ஒரு வட்டம்.

"வரவு மட்டுந்தான் போடுவாங்க" என்றேன்.

"வரவு மட்டுமா? பத்து ஒண்ணும் இல்லையா?"

"இல்ல தாத்தா. வரவுதான். தெனமும் போடுவாங்க."

"தெனமுமா!" என்றார். என் தலையைத் தடவினார். அவர் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஓடிப்போய்ப் பஸ் சன்னல் வழியாகக் காசை மாமாவின் கையில் திணித்தேன். அவர் எண்ணினார், நெஞ்சில் வைத்துக்கொண்டார், மறுபடியும் எண்ணினார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"என்னாடா இப்புடிச் சிரிக்கிற?"

"அந்தத் தாத்தா பள்ளிக்கூட வரவையும் காசு வரவையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டாரு மாமா! எம் பேருல கடன் இல்லையேன்னு அவருக்கு அவ்வளவு சந்தோசம்!"

மாமாவும் சிரித்தார். பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் சன்னலுக்கு வெளியே அவர் சிரிக்கிற முகம் தெரிந்தது. நானும் தெருவில் நின்று, வயிறு வலிக்க, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.